கேளுங்கள், கழற்றிப் பார்ப்போம்

இந்தக் கணினிக் கேள்வி பதில் பக்கத்துக்கு இந்த முறை பதினேழு கடிதங்கள். பத்து வாட்ஸ்அப்பில் வந்தவை, ஐந்து கொப்பித் தாளில் எழுதிக் கடையில் தந்துவிட்டுப் போனவை. மிச்சம் இரண்டும் கேள்வியே இல்லை, திருத்தக் கொடுத்த லப்டொப் எப்போது கிடைக்கும் என்று கேட்டவை. (நாளைக்கு. உண்மையாகவே நாளைக்கு.) எல்லாவற்றுக்கும் பக்கம் போதாது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

2011 தொடக்கம் தட்டச்சு செய்த தவணை வினாத்தாள்கள் எல்லாம் பாடசாலைக் கணினியில் இருக்கின்றன. அதில் திறந்தால் தமிழ். என் போனுக்கு அனுப்பித் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. வைரஸ் ஏதும் பிடித்துவிட்டதா? – ஆசிரியை, மல்லாவி

பயப்படாதீர்கள் ரீச்சர், உங்களுக்குப் பிடித்திருப்பது பாமினி. வடக்கில் வினாத்தாள், கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று ஒரு தலைமுறை முழுக்க அடித்தது அந்த எழுத்துருவில்தான்.

நடப்பது இதுதான். கணினி எழுத்தைப் படமாக வைத்திருப்பதில்லை, எண்ணாகத்தான் வைத்திருக்கும். பாமினியில் நீங்கள் ‘அ’ அடிக்கும்போது உள்ளே பதிவது 109. அது ஆங்கிலச் சின்ன ‘எம்’ எழுத்தின் எண். பாமினி எழுத்துரு அந்த எண்ணுக்கு மேல் ‘அ’ என்று ஒரு முகமூடி போட்டுக் காட்டுகிறது. உங்கள் போனில் பாமினி இல்லை, ஆகவே முகமூடி கழன்றுவிட்டது. ‘அம்மா’ என்று இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். போய்ப் பாருங்கள், அப்படியே இருக்கும். யூனிகோட் என்ற உலகப் பொது எண்முறையில் ‘அ’வுக்குச் சொந்த எண் உண்டு, 2949. உலகத்தில் எந்தப் போனுக்கு அனுப்பினாலும் 2949 என்றால் ‘அ’தான்.

மாற்றுவதற்கு ‘பொங்குதமிழ்’ எழுத்துரு மாற்றி போல இலவச மாற்றிகள் இருக்கின்றன. பாமினி என்று தெரிவுசெய்து, எழுத்தை வெட்டி ஒட்டினால் யூனிகோட்டாக வரும். ஆனால் முழு வினாத்தாளையும் ஒரே அடியாக ஒட்ட வேண்டாம். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒருமுறை ஒரு கணித வினாத்தாளை அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டேன். பாமினியில் சின்ன ‘எக்ஸ்’ என்றால் ‘ஒ’, சின்ன ‘வை’ என்றால் ‘ல’. அட்சரகணிதக் கேள்வியில் எக்ஸ் கூட்டல் வை என்று இருந்ததெல்லாம் ‘ஒ கூட்டல் ல’ என்று வந்து, அந்தச் சேர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மாற்றிக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. ஆகவே பந்தி பந்தியாக எடுங்கள், சமன்பாட்டையும் ஆங்கிலச் சொல்லையும் விட்டுவிடுங்கள். மாற்றி முடிந்ததும் ‘கொ’, ‘கோ’, ‘கை’ வருகிற சொற்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்போம், யூனிகோட்டில் எழுத்து முன்னுக்கும் கொம்பு பின்னுக்கும் பதியும். சில மாற்றிகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழும்.

இனி அடிப்பவற்றை யூனிகோட்டிலேயே அடியுங்கள். ‘கை பாமினிக்குப் பழகிவிட்டது, இந்த வயதில் புதிதாய்ப் பழக ஏலாது’ என்று ரீச்சர்மார் எல்லாரும் சொல்வது தெரியும். பழகவே வேண்டாம். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தட்டச்சு நிரல்கள் இரண்டிலும் பாமினி விசை ஒழுங்கு இருக்கிறது. விரல் பழைய இடத்துக்கே போகும், பதிவது யூனிகோட்டாக இருக்கும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தமிழ்99 பழக்குங்கள். அது 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெற் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிர் இடது கையிலும் மெய் வலது கையிலும் இருப்பதால் பிள்ளைகள் கெதியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

பழைய பாமினிக் கோப்புகளை அழிக்காதீர்கள். யூனிகோட் பிரதியைப் பக்கத்தில் வையுங்கள், மூலம் மூலமாகவே இருக்கட்டும்.

ஒரு டிபி பென்ரைவ் ஒன்றை ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு வாங்கினேன். கணினியும் ஒரு டிபி என்றுதான் காட்டுகிறது. ஆனால் போட்ட படங்களில் பாதி திறக்குதில்லை. – இளைஞர், கனகராயன்குளம்

தம்பி, நானும் வாங்கினேன். ஊருக்குப் புத்தி சொல்கிற நானே கொழும்பில் ஒரு கடையில் பத்து வாங்கி, கடைக்குக் கொண்டுவந்து, ஒன்றை விற்றும் விட்டேன். வாங்கியவர் நல்ல மனிதர், திட்டவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்து, மற்ற ஒன்பதையும் ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்ட.

உள்ளே இருப்பது பெரும்பாலும் 16 அல்லது 32 ஜிபி சிப் ஒன்றுதான். அதைக் கட்டுப்படுத்துகிற சின்ன ஐசி மட்டும் ‘நான் ஒரு டிபி’ என்று பொய் சொல்லும்படி மாற்றி எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் அது சொல்வதை நம்பிவிடும். நீங்கள் 32 ஜிபியைத் தாண்டிப் போடும்போது ஒரு பிழையும் காட்டாது. எழுதுவதுபோல நடித்து, ஏற்கெனவே இருந்ததன் மேலேயே எழுதும், அல்லது வீசிவிடும். கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. தொலைந்ததை மீட்க முடியாது, ஏனென்றால் அது ஒன்றில் எழுதப்படவே இல்லை, அல்லது அதன் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டது.

சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன ஜெர்மன் நிரல் இருக்கிறது, இலவசம், நிறுவவும் தேவையில்லை. பென்ரைவ் நிரம்பும்வரை சோதனைத் தரவை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று பார்க்கும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் இதே வேலைக்கு எப்3. நேரம் எடுக்கும். இரவு போட்டுவிட்டுப் படுங்கள். எந்தக் கடையில் வாங்கினாலும், என் கடையில் வாங்கினாலும் சரி, ஒரு படத்தையாவது போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இரவு படுக்கும்போது 4 ஜிபி டேட்டா இருந்தது. விடிய எழும்பினால் பூச்சியம். லப்டொப்பைப் போனின் ஹொட்ஸ்பொட்டில் விட்டிருந்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. – மாணவர், மாங்குளம்

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, விண்டோஸ் செய்தது. அப்டேட் இறக்கியிருக்கும். செட்டிங்ஸில் நெட்வேர்க், பிறகு வைபை, உங்கள் ஹொட்ஸ்பொட்டின் பெயரைத் தட்டி, ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்பதை ஓன் செய்யுங்கள். இது அளந்து காசு கட்டும் இணைப்பு என்று விண்டோஸுக்குச் சொல்லிவைப்பது அது. பெரிய இறக்கங்களை அது தள்ளிப்போடும். ஒவ்வொரு ஹொட்ஸ்பொட்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சகோதரியின் போனில் இணைத்தால் அதற்கும். அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதில் இறக்குங்கள்.

2015இல் வந்த லப்டொப், ஐ3 ஐந்தாம் தலைமுறை, 4 ஜிபி ரம். விண்டோஸ் 10 இனி இல்லையாம், 11 இதில் ஏறாதாம், புதிது வாங்கு என்கிறார்கள். வாங்க வசதியில்லை. – பல்கலைக்கழக மாணவி, விசுவமடு

தங்கச்சி, வாங்க வேண்டாம். இந்த மாதம் இந்தக் கேள்வியை மட்டும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சொன்னது முழுப் பொய்யும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர்கள் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நீட்டிப் பெற மைக்ரோசொப்ட் ஒரு திட்டம் வைத்தது. அதன்பின்னும் லப்டொப் ஓடும், ஆனால் புதிய ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். உங்களுடையது ஐந்தாவது. யூடியூப்பைப் பார்த்து வளைத்து ஏற்றலாம், என் கடைக்கு வந்தும் கேட்கிறார்கள். 4 ஜிபி ரம்மில் அதை ஏற்றுவது லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தில் லொறிப் பெட்டியைக் கொழுவுகிற வேலை. நான் செய்வதில்லை.

என் வழி இரண்டு படி. முதலாவது, உள்ளே சுற்றுகிற ஹார்ட்டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுற்றாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போடுவது. 240 ஜிபி போதும். பழைய லப்டொப்புக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதைப்போலப் பலன் தருவது வேறில்லை. ரம் போட இடம் இருந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். கழற்றிய ஹார்ட்டிஸ்க்கை வீசாதீர்கள், வெளிப்பெட்டி ஒன்றில் போட்டால் பிரதி எடுத்து வைக்க உதவும். அதற்கு முன் கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற, டிஸ்க்கின் நலம் பார்க்கும் நிரலில் ஒருமுறை பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்றால் சரி, மஞ்சள் என்றால் அதை நம்பி ஒன்றும் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட். அதில் எக்ஸ்எப்சிஈ பதிப்பு என்று ஒன்று இருக்கிறது, பழைய இயந்திரங்களுக்கு இலகு. 2 ஜிபி ரம்மில் ஓடும், 4 இருந்தால் வசதி. இறக்கவேண்டிய கோப்பு 3 ஜிபிக்குக் கிட்ட வரும். டேட்டாவைச் செலவழிக்க வேண்டாம், பென்ரைவோடு கடைக்கு வாருங்கள், போட்டுத் தருகிறேன். வீட்டிலேயே செய்ய விரும்பினால் வென்டோய் என்ற நிரலை ஒரு 8 ஜிபி பென்ரைவில் நிறுவுங்கள். அது பென்ரைவில் இருப்பதை அழித்துவிடும், முதலில் அதைக் காலியாக்குங்கள். பிறகு மின்ட் கோப்பைச் சாதாரணக் கோப்புப்போலவே அதற்குள் கொப்பி பண்ணிவிடலாம். வேறு லினக்ஸ்களையும் பக்கத்தில் போடலாம், தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும்.

இதில் எனக்குப் பிடித்த விசயம், நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பென்ரைவிலிருந்தே முழுத்திரை வரும். வைபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமரா வேலை செய்கிறதா, உங்கள் பிறின்ரர் அடிக்கிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். சில பழைய லேசர் பிறின்ரர்கள் லினக்ஸோடு சண்டை பிடிக்கும், அது இப்போதே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பென்ரைவைக் கழற்றி மீள இயக்குங்கள், விண்டோஸ் அப்படியே இருக்கும்.

நிறுவும்போது ஒரே ஒரு திரையில் மட்டும் கை நடுங்க வேண்டும். டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா என்று கேட்கும் இடம் அது. போன வருடம் ஒரு பொடியன் இரவு பன்னிரண்டு மணிக்கு முதலாவதைத் தட்டிவிட்டு, விடிய ஆறு மணிக்கு என் கடைக் கதவடியில் நின்றான். கடைசி வருட ஆய்வறிக்கை. போட்டோரெக் என்ற மீட்பு நிரலால் இரண்டு நாள் தோண்டினேன். அது கோப்பு அட்டவணையைப் பார்க்காமல், டிஸ்க்கில் மிச்சமிருக்கும் தரவின் தலைப்பகுதியை அடையாளம் பிடித்து எடுக்கும். ஆகவே கோப்பு வரும், பெயர் வராது. ஆயிரக்கணக்கில் பெயரில்லாக் கோப்புகளைத் திறந்து திறந்து, கடைசியில் இரண்டு மாதம் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அவன் அழுதானா சிரித்தானா என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே தங்கச்சி, முதலில் பிரதி, பிறகு மின்ட்.

லிப்ரே ஒப்பிஸ் கூடவே வரும். வேர்ட் கோப்பைத் திறக்கும், சேமிக்கும். அட்டவணை, பக்க எல்லை சில நேரம் நகரும், ஆகவே விரிவுரையாளருக்கு அனுப்பும்போது பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள். தமிழுக்கு மின்ட்டில் தமிழ்99உம் உண்டு, எங்கள் தட்டச்சுப் பொறி ஆட்கள் பழகிய இரங்கநாதன் விசைப்பலகையும் உண்டு. போட்டோஷொப் ஓடாது. உங்கள் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடுகிற நிரல் கட்டாயம் என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதுதான் வழி.

ஐப்பசி இடியில் ரூட்டரும் கணினியும் ஒன்றாகப் போய்விட்டன. சுவிட்சை நிறுத்தித்தான் வைத்திருந்தோம். யூபிஎஸ் வாங்கினால் இனித் தப்புமா? – கமக்காரர் அமைப்புச் செயலாளர், ஒட்டுசுட்டான்

ஐயா, சுவிட்சை நிறுத்தினால் உள்ளே இரண்டு உலோகத் துண்டுக்கு இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளி விழுகிறது, அவ்வளவுதான். முகிலிலிருந்து நிலம்வரை கிலோமீற்றர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டா? பிளக்கையே சுவரிலிருந்து கழற்றுங்கள். அதோடு எல்லாரும் மறக்கிற இன்னொரு வழி இருக்கிறது. செப்புக் கம்பியில் வருகிற தொலைபேசி இணைப்பென்றால் அந்த வயரும் ஒரு மின்னல் பாதை. அதில் வந்து ரூட்டருக்குள் ஏறி, ரூட்டரிலிருந்து லான் வயரால் கணினியின் மதர்போர்ட்டுக்குப் போகும். உங்கள் இரண்டும் ஒன்றாகப் போனது இந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன். பைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது, ஆனால் அந்தப் பெட்டியின் அடப்டர் சுவரில்தானே குத்தியிருக்கிறது. மின்சாரம், தொலைபேசி, டிவி அன்ரனா மூன்றையும் கழற்ற வேண்டும். எங்கள் பக்கம் இடி கூடுதலாகப் பின்னேரத்தில்தான். பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மத்தியானம் வெளிக்கிடும்போதே கழற்றிவிட்டுப் போகும் பழக்கம் நல்லது.

யூபிஎஸ் மின்னலுக்கு மருந்தில்லை. கரண்ட் நிற்கும்போது வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்த நேரம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. எவ்வளவு நேரம்? கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்வார், கணக்கைப் பார்ப்போம். சாதாரண 650 விஏ யூபிஎஸ் உள்ளே 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட் மணி. கணினியும் மொனிற்றரும் சேர்ந்து 120 வாட் இழுத்தால் தாளில் 42 நிமிடம் வரும். தாளில்தான். அந்த 7 என்ற எண், 20 மணித்தியாலம் மெல்ல மெல்ல இறக்கினால் கிடைப்பது. கெதியாக இழுத்தால் பாதிக்குக் கிட்டத்தான் தரும், மாற்றுவதிலும் கொஞ்சம் வீணாகும். புதுப் பற்றரியில் 15, 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி களைத்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் வைத்தால் அதற்கும் முன்பே. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. பற்றரி செத்தால் யூபிஎஸ்ஸை வீச வேண்டாம், பற்றரியை மட்டும் மாற்றலாம். இன்னொன்று, லேசர் பிறின்ரரை யூபிஎஸ்ஸில் கொழுவாதீர்கள். மை உருக்குகிற சூடேற்றி ஒரே இழுவையாக இழுத்து யூபிஎஸ்ஸைப் படுக்கவைத்துவிடும்.

மின்னிணைப்புக்காரரைக் கூப்பிட்டு ஏர்த் கம்பியையும் சோதியுங்கள். ஆவணி வெயிலில் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது ஏர்த்தும் காய்ந்துதான் கிடக்கும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

கரண்டே இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, ரைனமோவில் றேடியோ கேட்டு வளர்ந்தவன் நான். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்போம். செய்தி முடிகிற நேரம் பார்த்துச் சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்துவிடும். யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தும்போதெல்லாம் எனக்கு அந்தச் சைக்கிள்தான் ஞாபகம்.

கணினியில் கோப்பு எங்கே வைத்தேன் என்று தேடியே அரைநாள் போகிறது. – எழுதுவினைஞர், துணுக்காய்

‘எவ்ரிதிங்’ என்ற நிரலைப் போடுங்கள், சின்னது, இலவசம். விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புப் பெயர்கள் பதிந்திருக்கும் அட்டவணையை நேரே வாசிப்பதால், பெயரில் மூன்று எழுத்து அடிக்கும்போதே பட்டியல் வந்துவிடும். ஆனால் கோப்புக்கு ‘புதிது1’, ‘புதிது கடைசி’, ‘கடைசி உண்மை’ என்று பெயர் வைத்தால் அதாலும் ஏலாது.

கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். ஆட்கள் கொண்டுவரும் பென்ரைவில் கோப்பெல்லாம் சோட்கட் ஆகிவிடுகிறது. அழித்தாலும் திரும்ப வருகிறது. – கடைக்காரர், பரந்தன்

அண்ணை, முதலில் அந்தச் சோட்கட்டைத் தட்டுவதை நிறுத்துங்கள். கோப்பு எங்கும் போகவில்லை. வைரஸ் அதை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஒன்றை முன்னுக்கு வைக்கிறது. நீங்கள் தட்டுவது அந்தப் போலியை. அது வைரஸையும் ஓட்டிவிட்டுக் கோப்பையும் திறந்து காட்டும், ஆகவே சந்தேகமே வராது. எக்ஸ்புளோரரில் ‘வியூ’வில் ஒளித்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ‘ஒப்ஷன்ஸ்’ உள்ளே பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை ஒளிக்கும் சரியடையாளத்தையும் எடுங்கள். கன நேரங்களில் பெயரே இல்லாத ஒரு மடிப்புறை தெரியும், ஆட்களின் கோப்பெல்லாம் அதற்குள் இருக்கும். வெளியே கொப்பி பண்ணிவிட்டு மிச்சத்தை அழியுங்கள். திரும்பத் திரும்ப வருகிறதென்றால் உங்கள் கணினியிலேயே அது குடியிருக்கிறது. விண்டோஸோடு வரும் டிபென்டரில் ‘ஒவ்லைன் ஸ்கேன்’ என்பதை ஓட்டுங்கள், மீள இயக்கி, விண்டோஸ் எழும்ப முன்பே தேடும்.

நான் கடையில் செய்திருப்பது வேறு. வருகிற பென்ரைவுக்கென்றே ஒரு பழைய கணினியை லினக்ஸில் வைத்திருக்கிறேன். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அதில் ஓடத் தெரியாமல் வெறும் கோப்பாகக் கிடக்கும். அங்கே துடைத்துவிட்டுத்தான் மற்றதில் போடுவேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். போன மாதம் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன், எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். கணினித் திரை முழுக்க ஆட்களின் அடையாள அட்டை, காணிப் பெர்மிற், வங்கிப் புத்தகம், எல்லாம் ஸ்கான் பண்ணினபடி கிடந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு அம்மாவின் கணக்கு திறந்தபடி. இரவு கடை பூட்ட முன் ஸ்கான் மடிப்புறையைக் காலியாக்குங்கள், குப்பைத் தொட்டியையும். வாட்ஸ்அப்புக்குப் பிரவுசரின் மறைவுச் சாளரத்தைப் பாவித்தால் மூடும்போது அதுவாக வெளியேறிவிடும்.

என்னிடம் அவரின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பாஸ்போட் அளவு. 2009இல் இடம்பெயரும்போது சொப்பின் பையில் சுற்றிக் கொண்டுவந்தது. நனைந்து அல்பத்தின் பிளாஸ்ரிக்கோடு ஒட்டிவிட்டது, ஒரு பக்கம் பூஞ்சை. மகளின் கலியாணத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் வைக்க ஆசை. போனில் ஒரு ஆப் இருக்கிறதாம், உடனே தெளிவாக்குமாம். – ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு

அம்மா, உரிக்க வேண்டாம். தண்ணி, ஸ்பிரிட், ஈரத்துணி ஒன்றும் படக் கூடாது. படத்தின் நிறம் இருப்பது மேலே உள்ள மெல்லிய ஜெலற்றின் படையில். பிளாஸ்ரிக் அதோடுதான் ஒட்டியிருக்கிறது. உரித்தால் முகம் பிளாஸ்ரிக்கோடு வந்துவிடும்.

பிளாஸ்ரிக்குக்கு மேலாகவே ஸ்கான் பண்ணலாம். பாஸ்போட் படம் 35 க்கு 45 மில்லிமீற்றர். சாதாரணமாகக் கடைகளில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) எடுத்துத் தருவார்கள், அதைப் பெரிதாக்கினால் பொட்டுப் பொட்டாகிவிடும். 1200 டிபிஐயில் எடுக்கச் சொல்லுங்கள். அகலம் 1654, உயரம் 2126 புள்ளி கிடைக்கும். அதைத் தெளிவு குறையாமல் 14 க்கு 18 சென்ரிமீற்றர்வரை அச்சிடலாம். சுவரில் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதற்கு அதைவிடப் பெரிதாக்கினாலும் பரவாயில்லை. ஜேபெக்கில் வேண்டாம், டிப் என்ற வடிவத்தில் சேமிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்ரிக் மினுங்கி ஸ்கானரில் வெளிச்சக் கோடு விழுந்தால், விறாந்தை நிழலில், நேர் வெயில் படாத இடத்தில், கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் படமெடுப்பது இன்னொரு வழி. நான் இரண்டையும் எடுத்து, எது நல்லதோ அதை வைத்துக்கொள்வேன்.

பூஞ்சைப் புள்ளிகளை ஜிம்ப் என்ற இலவச நிரலில் ஒவ்வொன்றாக எடுக்கலாம். அதில் ‘ஹீல்’ என்று ஒரு கருவி, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துப் புள்ளிமேல் பூசும். பின்னணியும் சேட்டும் கெதியாக முடிந்துவிடும். கண்ணுக்கும் வாய்க்கும் பக்கத்தில்தான் நேரம். அங்கே ஒரு புள்ளியைக் கூடுதலாகத் துடைத்தாலும் சிரிப்பு மாறிவிடும். சந்தேகமான இடத்தில் புள்ளியை விட்டுவிடுவேன்.

அந்த ஆப்பைப் பற்றி. அது தெளிவாக்குவதில்லை அம்மா, ஊகிக்கிறது. ஆயிரமாயிரம் வேறு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பழகியதை வைத்து, இல்லாத கண்மடலையும் பல்லையும் தானாக வரைந்து போடுகிறது. போன வருடம் ஒருவர் தன் தகப்பனின் படத்தை அப்படிச் செய்து கொண்டுவந்தார். வடிவான படம், ஒரு சுருக்கம் இல்லை. அவரின் தாய் பார்த்துவிட்டு, ‘இது ஆர் தம்பி?’ என்று கேட்டா. மகளுக்கு அந்த முகம் எவ்வளவு ஞாபகம் இருக்குமோ எனக்குத் தெரியாது. சுவரில் வைக்கப் போகிற முகத்தைத்தான் இனிப் பிறக்கும் பிள்ளைகள் தாத்தா என்று பழகுவார்கள். ஆகவே மங்கலாக இருந்தாலும் அவரின் முகமே இருக்கட்டும் என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள், செய்து தருகிறேன். மூலப் பிரதியைத் தொடாமல் தனியாக.

முடிந்ததும் அந்தக் கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று பென்ரைவில், ஒன்று மகளின் கூகிள் டிரைவில், ஒன்று வெளிநாட்டில் இருக்கும் சொந்தம் யாரிடமாவது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது நசித்துச் சின்னதாக்கிவிடும். ‘டொக்கியுமென்ற்’ என்பதைத் தட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

அல்பத்திலிருந்து பக்கத்தைக் கிழிக்காமல், அல்பத்தோடு கொண்டுவாருங்கள். மழை நாளென்றால் உரப்பை ஒன்றில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்திருங்கள், மேல் தட்டில் வைக்க வேண்டாம். பரந்தன் தாண்டி வந்து கரடிப்போக்குச் சந்தியில் இறங்கினால் கடை கிட்டத்தான். போயா (பூரணை) விடுமுறையில் பூட்டு. வேலைக்கு இரண்டு நாள் பிடிக்கும், ஆனால் ஸ்கான் பண்ணினதும் அல்பத்தைக் கையோடு தந்துவிடுவேன், கடையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.